பாட்டுப் புத்தகம் விற்க வந்த வானொலி

வியாழன் இரவு, நாஷ்வில்

நாஷ்வில்லுக்கு வருகிறவர்கள் கிடார் கடை, மதியமே கச்சேரி தொடங்கிவிடும் பிராட்வே தெரு, கன்ட்ரி இசை அருங்காட்சியகம் என்று சுற்றுவார்கள். நானும் சித்தப்பாவும் வந்திருப்பது தெற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் லாரன்ஸ்பர்க் என்ற சிற்றூருக்காக. 1920களின் தொடக்கத்தில், டென்னசி மாநிலத்தின் வானொலி நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்தபோது, அந்த ஊரில் கிறிஸ்தவப் பாட்டுக்காக ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. பெயர் டபிள்யூ.ஓ.ஏ.என். தொடங்கியவர் பாதிரியார் இல்லை, பொறியாளரும் இல்லை. பாட்டுப் புத்தகப் பதிப்பாளர்.

சித்தப்பா வருஷக்கணக்காக சர்ச் கொயரில் பேஸ் (கீழ்க்குரல்) பாடியவர். ஓய்வு பெற்றபின் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய காஸ்பல் (கிறிஸ்தவப் பக்திப் பாட்டு) நால்வர் குழுக்களைத் தேடித் தேடிக் கேட்கிறார். பயண யோசனை அவருடையது. கார் ஓட்டுவதும் எழுதுவதும் என் பங்கு.

மாலையில் ரைமன் அரங்கத்துக்குப் போனோம். கன்ட்ரி இசையின் தாய்வீடு என்று இதைச் சொல்வார்கள். ஆனால் 1892இல் இது பிரசங்க மண்டபமாகத்தான் எழும்பியது. தாமஸ் ரைமன் நீராவிப் படகுகள் வைத்திருந்த பணக்காரர். சாம் ஜோன்ஸ் என்ற பிரசங்கியார் கூடாரத்தில் பேசியதைக் கேட்டு மனம் மாறி, அவர் பேசுவதற்கென்றே ஒரு பெரிய கூடம் கட்டக் கிளம்பிவிட்டார். உள்ளே இன்றும் சர்ச் பெஞ்சுதான். சித்தப்பா உட்கார்ந்ததும் முதல் வேலையாக, பாட்டுப் புத்தகம் வைக்கும் பலகை இருக்கிறதா என்று முன் பெஞ்சின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

1943 முதல் 1974 வரை இந்த மேடையிலிருந்துதான் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சி டபிள்யூ.எஸ்.எம் வானொலியில் போனது. அந்த நிலையத்தை 1925இல் தொடங்கியது ஒரு காப்பீட்டு நிறுவனம். மூன்று எழுத்துகளும் அவர்கள் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள். சனிக்கிழமை இரவு பிடில் கேட்ட வீட்டுக் கதவை, வாரநாளில் பாலிசி விற்கும் ஏஜென்ட் தட்டுவார். பாட்டு இலவசம், பாலிசிக்குக் காசு. லாரன்ஸ்பர்க் பதிப்பாளர் இதே கணக்கை டபிள்யூ.எஸ்.எம் பிறப்பதற்கு முன்பே போட்டுவிட்டார்.

பக்திக்காக மட்டும் வானொலிக்கு வந்தவர்களும் உண்டு. 1921 ஜனவரி 2ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரத்தின் கால்வரி ஆலயத்திலிருந்து கே.டி.கே.ஏ நிலையம் ஞாயிறு ஆராதனையை ஒலிபரப்பியது. ஆலய ஆராதனை வானொலியில் போனது அதுவே முதல்முறை. மைக் வைக்க வந்த பொறியாளர்களைப் பார்த்து சபையார் கவனம் சிதறக் கூடாது என்று அவர்களுக்கும் கொயர் அங்கி மாட்டிவிட்டார்கள். ஒருவர் யூதர், இன்னொருவர் கத்தோலிக்கர். தலைமைப் போதகருக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லாததால் பிரசங்கம் இளைய போதகர் தலையில் விழுந்தது.

வெள்ளி இரவு, லாரன்ஸ்பர்க்

காலையில் நகரத்தைவிட்டு வெளியே வந்ததும் பிரென்ட்வுட்டில் காரை ஓரம் கட்டினோம். டபிள்யூ.எஸ்.எம் கோபுரம் அங்கே இருக்கிறது. நடுவில் பருத்து, மேலும் கீழும் கூராக இளைத்து, ஊசிமுனையில் நிற்கும் வைரம் மாதிரியான இரும்புச் சட்டம். 1932இல் 878 அடிக்குக் கட்டினார்கள், சில வருடங்களில் 808 அடியாகக் குறைத்தார்கள். இன்னும் 650 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட் சக்தியோடு ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒரு ராட்சசன் பக்கத்தில் இருக்கும்போது சின்ன ஊர் நிலையத்தின் பாடு எப்படி இருந்திருக்கும்? பகலில் மீடியம் வேவ் (ஏ.எம்) அலை தரையை ஒட்டியே போகும். மேலே ஏறுவதை அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அப்புறம் அலை இன்னும் உயரே போய், மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளித் தரையிறங்கும். பெரிய நிலையத்துக்கு அது கொண்டாட்டம், பல மாநிலம் கேட்கும். ஆனால் ஒரே அலைவரிசையில் இருக்கும் சிறிய நிலையங்கள் ஒன்றோடொன்று மோதிக் கூச்சலாகிவிடும். அதனால் பல சிறிய நிலையங்களுக்குப் பகல் உரிமம் மட்டும் கொடுத்தார்கள். சூரியன் மறைந்தால் நிறுத்திவிட வேண்டும், அல்லது சக்தியை மிகவும் குறைக்க வேண்டும். சிற்றூர்க் காஸ்பல் நிலையங்களில் நிறைய இந்தப் 'பகல்காரர்கள்' வகை. டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் கடை கட்ட வேண்டியதுதான். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆட்கள் காது கொடுக்கும் நேரம் அதுதான் என்று சித்தப்பா அங்கலாய்த்தார்.

பிறகு நாட்செஸ் டிரேஸ் பார்க்வேயில் ஏறினோம். 444 மைல் நீளம், லாரிகளுக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, வேகம் அதிகபட்சம் 50 மைல். வடமுனைப் பக்கம் 155 அடி உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டும் இரட்டை வளைவுப் பாலம் ஒன்று. இன்னும் தெற்கே, அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ்-கிளார்க் பயணத்தின் மெரிவெதர் லூயிஸ் 1809இல் துப்பாக்கிக் காயத்தோடு இறந்த இடம். ஹைவே 64 வந்ததும் இறங்கி, கிழக்கே திரும்பி ஊருக்குள் வந்துவிட்டோம். தங்கும் விடுதியில் ஏசி உறுமுகிறது. பாட்டுக்கு மட்டுமே பழகிய காது என்று சொல்லிக்கொள்ளும் சித்தப்பா அதற்குள் தூங்கிவிட்டார்.

சனி, லாரன்ஸ்பர்க்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், ஊர் அப்படி.

சதுக்கத்தின் நடுவே டேவி கிராக்கெட் சிலை நிற்கிறது. எல்லைப்புற வீரராகவும் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்து டெக்சாஸின் அலாமோ போரில் மடிந்த அவர் சில காலம் இந்த ஊரில் ஆலை வைத்திருந்தார். ஊரின் இன்னொரு பெருமை சதர்ன் காஸ்பல் இசை இங்கே பிறந்தது என்பது. பாட்டு எந்த ஊரில் பிறந்தது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் வியாபாரம் பிறந்த ஊர் என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்வேன்.

ஜேம்ஸ் டி. வாகன் 1864இல் பக்கத்து ஜைல்ஸ் கவுன்டியில் (மாவட்டத்தில்) பிறந்தவர். பாட்டு வாத்தியார். 1900இல் முதல் பாட்டுப் புத்தகம் போட்டார், பிறகு இந்த ஊரில் அச்சகம் வைத்தார். அவர் புத்தகங்கள் நம் பாமாலை மாதிரி தலைமுறைக்கும் ஒன்று என்று இருக்கும் கனத்த புத்தகங்கள் அல்ல. மெல்லிய அட்டை, மலிவு விலை, புதுப் பாட்டுகள். ஞாயிறு மதியம் கவுன்டி முழுக்கக் கூடிப் பாடும் சிங்கிங் கன்வென்ஷன்களில் இவை போகும். அடுத்த புத்தகம் வந்ததும் இது பழசாகிவிடும், மறுபடி வாங்க வேண்டும். பாடத் தெரிந்தால்தானே வாங்குவார்கள்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. சுற்றுவட்டாரத்துக்கு வாத்தியார்களை அனுப்பி, பயிர் வேலை ஓய்ந்த நாட்களில் சில வாரம் பாட்டுப் பள்ளி நடத்துவார்கள். 1911இல் அந்த வாத்தியார்களை உருவாக்கவே இங்கே ஒரு இசைப் பள்ளியும் திறந்தார்.

அவர்கள் கற்றுக்கொடுத்த முறை சித்தப்பாவுக்கு மிகவும் பிடித்த விஷயம். ஐந்து கோட்டு ஸ்வரக்குறிதான், ஆனால் குறியின் தலை எல்லாம் உருண்டையாக இருக்காது. முக்கோணம், சதுரம், வைரம், அரைவட்டம் என்று ஏழு ஸ்வரத்துக்கு ஏழு வடிவம். இந்த ஏழு வடிவ முறையை ஜெஸ்ஸி அய்கின் 1846இல் கொண்டுவந்தார். அதற்கு முன் நான்கு வடிவம் இருந்தது. எந்தச் சுருதியில் பாடினாலும் ஆதாரமான 'டோ'வுக்கு அதே முக்கோணம்தான். நாம் சுருதிப் பெட்டியை ஒரு கட்டை ஏற்றினாலும் 'ஸ' எப்படி 'ஸ'வாகவே இருக்கிறதோ அப்படி. பியானோ வீட்டில் இல்லாத விவசாயிக்கு எத்தனை ஷார்ப், எத்தனை பிளாட் என்ற தலைவலி போயிற்று. வடிவத்தைப் பார், பாடு. கூட்டத்தில் புதுப் பாட்டை எடுத்தால் முதலில் ஸ்வரப் பெயர்களைப் பாடுவார்கள், அப்புறம்தான் வார்த்தை.

"டோ-ரே-மீன்னு டானிக் சோல்ஃபா படிச்சவனுக்கு இதுல ஒண்ணும் புதுசு இல்லலே. எங்க கொயர் மாஸ்டர் பிரம்பால சொல்லிக் கொடுத்ததை இவங்க படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றார் சித்தப்பா.

1910இல் வாகன் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். தம்பி சார்லஸ் தலைமையில் நான்கு ஆண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, சபைக் கூட்டங்களுக்கும் கன்வென்ஷன்களுக்கும் அனுப்பினார். அவர்கள் புதுப் பாட்டைப் பாடிக் காட்டுவார்கள், கேட்டவர்கள் புத்தகம் வாங்குவார்கள். தொழில்முறை காஸ்பல் நால்வர் குழு என்ற வகையே இங்கிருந்துதான் கிளம்பியது. சித்தப்பா உருகி உருகிக் கேட்கிற அந்த ஒத்திசைவு, முதலில் பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதிகள் எழுப்பியது. இதை நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வாகனிடம் சில வருடங்களில் இப்படிப் பல குழுக்கள் சேர்ந்துவிட்டன. 1921இல் சொந்த ரெக்கார்டு லேபிள். அதற்கடுத்து டபிள்யூ.ஓ.ஏ.என். நடுவில் ஊருக்கு மேயராகவும் இருந்தார்.

ஆகவே வானொலி அவருக்குத் தனித் தொழில் இல்லை, சங்கிலியில் இன்னொரு கண்ணி. நால்வர் குழு ஒரு நாளில் ஒரு ஊருக்குத்தான் போக முடியும். அதே குழு ட்ரான்ஸ்மிட்டர் முன்னால் நின்றால் எத்தனையோ ஊருக்கு ஒரே நேரத்தில் போகும். விளம்பரதாரரைத் தேட வேண்டாம், காணிக்கை கேட்க வேண்டாம். அச்சகமே செலவைப் பார்த்துக்கொள்ளும். அன்றைய ஊர் வானொலிகளில் ஒலிபரப்பைப் பதிவு செய்து வைக்கும் வழக்கம் இல்லை. பாடியது காற்றோடு போயிற்று. வாகனின் ரெக்கார்டுகளைக் கேட்டு ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் அதிக காலம் ஓடவில்லை. 1927 வானொலிச் சட்டத்தில் ஃபெடரல் ரேடியோ கமிஷன் வந்தது. அடுத்த ஆண்டு அலைவரிசைகளையெல்லாம் கலைத்துப் புதிதாக அடுக்கியது. ஏதோ ஒரு தரப்பின் குரலாக மட்டும் இருக்கும் நிலையங்களை, மதம் சார்ந்தவை உட்பட, 'பிரசார நிலையம்' என்று பெயரிட்டுப் பின்வரிசைக்குத் தள்ளியது. நாடெங்கும் சபைகளும் பள்ளிகளும் நடத்திய சிறு நிலையங்கள் நேரத்தைப் பங்குபோட வேண்டி வந்தது, விற்க வேண்டி வந்தது. 1930இல் வாகனும் விற்றுவிட்டார். அவருடைய நிலையம் மெம்ஃபிஸின் டபிள்யூ.ஆர்.இ.சி.யோடு போய்ச் சேர்ந்தது. இந்த எழுத்துகளை நினைவில் வையுங்கள், திங்கட்கிழமை வேலை இருக்கிறது.

என் கருத்து ஒன்று, சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தை விற்கக் கொண்டுவந்த வானொலிதான் கடைசியில் புத்தகத்தின் தேவையையே குறைத்துவிட்டது. நான்கு பேர் அவ்வளவு சுத்தமாகப் பாடுவதை வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியும் என்றான பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் டெனரில் தடுமாறுவதைக் கேட்க எத்தனை பேர் ஞாயிறு மதியம் கிளம்புவார்கள்? பாடகர்களாக இருந்தவர்கள் ரசிகர்களானார்கள். வாகனிடம் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய வி.ஓ. ஸ்டாம்ப்ஸ், பாக்ஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து டாலஸ் நகரத்தில் போட்டிப் பதிப்பகம் வளர்த்தார். 1930களில் அவரும் கே.ஆர்.எல்.டி வானொலியைத்தான் பெரிய ஆயுதமாகப் பிடித்தார். புத்தகமும் விற்றது என்பது உண்மை. ஆனால் கூட்டம் டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்கப் பழகியதும் அப்போதுதான். "ரெக்கார்டைக் கேட்டுத்தான் நான் பேஸ் கத்துக்கிட்டேன், கேக்கிறவன் பாடமாட்டான்னு எவன் சொன்னான்?" என்கிறார் சித்தப்பா. அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது.

மாலையில் ஹைவே 43இல் வடக்கே எத்ரிட்ஜ் வரை போய் வந்தோம். 1944 முதல் ஆமிஷ் என்ற, பழைய வாழ்க்கை முறையை விடாத கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே குடியிருக்கிறார்கள். மின்சாரமும் வானொலியும் இல்லாத வீடுகள், குதிரை வண்டிகள். வீட்டு முன்னால் வைத்து வெல்லப்பாகும் கூடையும் விற்கிறார்கள். அவர்கள் ஆராதனையில் வாத்தியம் கிடையாது, நான்கு குரல் ஒத்திசைவும் கிடையாது. எல்லோரும் ஒரே குரலில் மிக மெதுவாகப் பாடுவார்கள். உலகமெங்கும் பாட்டை அனுப்ப ஆசைப்பட்ட ஊருக்குப் பக்கத்திலேயே இவர்கள்.

ஞாயிறு இரவு, டூபெலோ

காலையில் கிளம்பியதிலிருந்து ரேடியோவை விட்டு கை எடுக்கவில்லை. ஞாயிறு காலை தென்மாநிலச் சிற்றூர்களில் ஏ.எம் பக்கம் திருப்பினால் உள்ளூர்ச் சபைகளின் ஆராதனை கிடைக்கும். நேரத்தைச் சபை காசு கொடுத்து வாங்கியிருக்கும். பிரசங்கத்தின் நடுவே யாரோ இருமுவதும் குழந்தை அழுவதும் அப்படியே வரும். எனக்கு அது பிடித்திருந்தது.

எஃப்.எம் வேறு உலகம். அமெரிக்காவில் 88இலிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரை லாப நோக்கமில்லாத நிலையங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம், பொது வானொலி, அப்புறம் கிறிஸ்தவ நிலையங்கள். இந்தப் பகுதியில் அந்த நான்கு மெகாஹெர்ட்ஸைத் தடவினால் பாதிக்கு மேல் ஜெபமோ பாட்டோதான். ஆனால் எல்லாம் பக்கத்து ஊரிலிருந்து வருவது என்று நினைத்துவிடக் கூடாது. மணிக்கு ஒருமுறை நிலையம் தன் எழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரையும் சொல்லியாக வேண்டும் என்பது விதி. சில நிலையங்களில் அந்த நேரத்தில் ஊர்ப் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்குவார்கள். ஒரே ஸ்டுடியோ, செயற்கைக்கோள், ஊருக்கு ஊர் ட்ரான்ஸ்மிட்டர். கே-லவ் 1982இல் கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் ஒற்றை நிலையமாகத் தொடங்கியது. இன்று எந்த ஊருக்குப் போனாலும் எங்காவது ஓரிடத்தில் சிக்குகிறது. விளம்பரம் இல்லை, நேயர் காணிக்கைதான்.

இதற்கு வழி செய்தது டிரான்ஸ்லேட்டர் என்ற சிறு ரிலே கருவி. அதிகபட்சம் 250 வாட். 2003இல் அரசு இதற்கு விண்ணப்பங்களை வரவேற்றபோது 13,000க்கும் மேல் வந்து குவிந்தன, அதில் கணிசமானவை மத ஒலிபரப்பாளர்களுடையவை. ஊர்க்காரர்கள் கையில் இருக்கட்டும் என்று 2000இல் கொண்டுவந்த 100 வாட் குறைந்தசக்தி எஃப்.எம் உரிமங்களுக்கு நகரங்களில் இடம் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2011இல் கையெழுத்தான சட்டம் ஒன்று கொஞ்சம் வழி திறந்தது. சில சிற்றூர்ச் சபைகளும் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்து நிலையம் வைத்திருக்கின்றன. உரிமம் பெற்ற பகுதியில் ஸ்டுடியோ இருக்க வேண்டும் என்ற விதியும் 2017இல் போய்விட்டது. ஊர்ப் பெயர் மட்டும் உரிமத்தில் இருக்கும்.

இங்கே டூபெலோவில்தான் அமெரிக்கன் ஃபேமிலி ரேடியோ 1991இல் தொடங்கியது. போதகர் டான் வைல்ட்மன் நடத்திய அமைப்பின் கிளை. செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களை நிரப்புவதில் முன்னோடிகளில் ஒருவர். அவர்கள் அரசியல் எனக்கு ஒத்துவராது, அது வேறு பேச்சு. ஆனால் லாரன்ஸ்பர்க்கிலிருந்து வந்தவன் கண்ணுக்கு ஒன்று தெரிகிறது. வாகன் தன் ஊரிலிருந்து வெளியே பாடினார். இப்போது வெளியிலிருந்து ஊருக்குள் பாடுகிறார்கள். பக்கத்துத் தெரு சாவு அறிவிப்பும், பழைய டிராக்டர் விற்பனைக்கு என்ற தகவலும், ஊர்ப் பையன்களின் நால்வர் குழுவும் இந்த ஏற்பாட்டில் எங்கே நுழையும்?

வழியில் அலபாமாவின் ஃப்ளாரன்ஸில் சாப்பிட்டோம். புளூஸ் இசையின் டபிள்யூ.சி. ஹேண்டி பிறந்த ஊர். சிறுவனாக அவர் காசு சேர்த்துக் கிடார் வாங்கிவர, போதகரான அப்பா அது பிசாசின் கருவி என்று திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பதிலுக்கு அகராதி வாங்க வைத்தாராம். இதே ஊர்ப் பக்கம் 1923இல் பிறந்த சாம் ஃபிலிப்ஸ்தான் நாளைய கதைக்கு வேண்டியவர். டூபெலோவில் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த சின்ன வீட்டையும், அங்கே நகர்த்தி வைத்திருக்கும் அவர்கள் சபைக் கட்டடத்தையும் பார்த்தோம். வீடு இரண்டே அறை.

திங்கள், மெம்ஃபிஸ்

டபிள்யூ.ஆர்.இ.சி பல காலம் பீபாடி ஓட்டலிலிருந்து இயங்கியது. லாரன்ஸ்பர்க்கின் நான்கு எழுத்துகளும் சில வருடம் இதன் எழுத்துகளோடு கோடு போட்டு ஒட்டிக்கொண்டிருந்தன, பிறகு உதிர்ந்தன. ஓட்டல் வரவேற்பறை நீரூற்றில் வாத்துகள் நீந்துகின்றன. பதினொரு மணிக்கு அவை லிஃப்டில் இறங்கிச் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வருவதைப் பார்க்கப் பெரிய கூட்டம். வானொலி வரலாற்றைத் தேடி வந்த சித்தப்பா வாத்தைத்தான் அதிகமாகப் படம் எடுத்தார்.

1945இல் சாம் ஃபிலிப்ஸ் இந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓட்டல் மாடியில் நடக்கும் நடன இசையை ஒலிபரப்புவது அவர் பொறுப்புகளில் ஒன்று. 1950இல் யூனியன் அவென்யூ 706இல் சொந்த ஒலிப்பதிவுக் கூடம். அதுதான் சன் ஸ்டுடியோ. உள்ளே போய்ப் பார்த்தோம், ஒரு வகுப்பறை அளவுதான் இருக்கும். கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் அங்கே முதலில் காஸ்பல் பாட்டோடுதான் வந்தார். பாட்டில் குறையில்லை, ஆனால் காஸ்பலை என்னால் விற்க முடியாது என்று ஃபிலிப்ஸ் சொல்லிவிட்டார். காஸ்பல் புத்தகம் விற்கப் பிறந்த நிலையத்தை விழுங்கிய நிலையத்தில் வேலை பார்த்தவர் வாயிலிருந்து! சித்தப்பா காரில் திரும்பும்வரை இதையே சொல்லிச் சிரித்தார்.

எல்விஸுக்கோ நால்வர் குழு மேல் தீராத மோகம். 1950இல் மெம்ஃபிஸுக்கு வந்து வானொலியில் பாடிய பிளாக்வுட் பிரதர்ஸ் அவருக்குத் தெய்வங்கள். அந்தக் குழுவின் இளையவர்கள் வைத்திருந்த சாங்ஃபெல்லோஸ் குழுவில் சேர முயன்று இடம் கிடைக்கவில்லை. 1954 ஜூன் 30 அன்று அலபாமாவில் நடந்த விமான விபத்தில் பிளாக்வுட் குழுவின் இருவர் இறந்தபோது ஊரே திரண்டு அஞ்சலி செலுத்தியது. எல்விஸ் வாழ்நாளில் வென்ற மூன்று கிராமி விருதுகளும் காஸ்பலுக்குத்தான், ராக் அண்ட் ரோலுக்கு ஒன்றும் இல்லை.

இதுவரை நான் எழுதியது பெரும்பாலும் வெள்ளையர் பாட்டின் கதை. மெம்ஃபிஸில் அதை அப்படியே விட்டுவிட முடியாது. 1948இல் கறுப்பின அறிவிப்பாளர் நாட் டி. வில்லியம்ஸ் மைக் முன் உட்கார்ந்ததிலிருந்து டபிள்யூ.டி.ஐ.ஏ கறுப்பின நேயர்களுக்கான நிலையமாக மாறியது. 1954இல் 50,000 வாட் கிடைத்ததும் மிசிசிப்பி சமவெளி முழுக்க அதன் காஸ்பல் குழுக்கள் கேட்டன. போதகரும் பாடலாசிரியருமான ஹெர்பர்ட் பிரூஸ்டர் ஈஸ்ட் டிரிக் ஆலயத்தின் ஆராதனையை டபிள்யூ.எச்.பி.க்யூவில் ஒலிபரப்பினார். ஆலயத்துக்குள் இனப் பாகுபாடு தெருவைப்போலவே இருந்த காலத்தில், வெள்ளை இளைஞர்கள் அந்தப் பாட்டை முதலில் ரேடியோவில் கேட்டார்கள், பிறகு சிலர் நேரில் வந்தார்கள். எல்விஸ் அப்படி வந்தவர்களில் ஒருவர்.

600 கிலோஹெர்ட்ஸில் டபிள்யூ.ஆர்.இ.சி இன்றும் இருக்கிறது. திருப்பினால் செய்தியும் அரசியல் பேச்சும்தான். சித்தப்பா பத்து நிமிடம் கேட்டுவிட்டு அணைத்தார்.

இந்த வழியில் யாராவது போவதாக இருந்தால்: நாட்செஸ் டிரேஸ் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஏறும் முன் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலும் பல இடத்தில் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். எத்ரிட்ஜ் போவதாக இருந்தால் ஞாயிறு வேண்டாம், அன்று ஆமிஷ்காரர்கள் எதையும் விற்கமாட்டார்கள்.